ஊரெல்லாம் ஹிரண்மயி

செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் இருபது கட்டில் போட்ட ஒரு பிரசவ நர்சிங் ஹோம். அதன் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு ரமா இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கொடுப்பது, ஃபோன் எடுப்பது, டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்த நாளில் நர்ஸ்களுக்கு முன்கூட்டியே ஜாடை காட்டுவது எல்லாமே அவள் பொறுப்புதான். ஆனால் முக்கியமான வேலை பதிவேடு. அங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் நீல அட்டை போட்ட பெரிய நோட்டில் ஏற்றி, செவ்வாய்க்கிழமைதோறும் நகராட்சி வார்டு ஆபீசுக்குப் படிவம் அனுப்ப வேண்டும்.

பிறந்த தேதி, நேரம், எடை, அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாவற்றையும் பேனாவில் எழுதுவாள். குழந்தையின் பெயரை மட்டும் பென்சிலில் எழுதுவாள். பெற்றவர்கள் மனசு மூன்று நாளில் முப்பது தடவை மாறும் என்பது அவளுக்கு அத்துப்படி. மாமியார் ஒரு பெயர், மைத்துனி ஒரு பெயர், ஜோசியர் ஒரு எழுத்து என்று வீடே அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு யாராவது ஒருத்தர் வந்து, "இதுதான் ஆன்ட்டி, இனிமே மாத்தமாட்டோம்" என்பார்கள். அப்போதுதான் ரப்பரை எடுத்து அழித்துவிட்டுப் பேனாவைத் திறப்பாள். ஆயிரக்கணக்கான பெயர்களை அப்படி எழுதியிருக்கிறாள்.

அவளுடைய முதல் குழந்தைக்கு மட்டும் எந்த நோட்டிலும் பெயர் கிடையாது.

அது 1978-ல். செகந்திராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண். ரமாவுக்குக் கடும் ஜுரம் என்று அவளை ஒரு கட்டடத்திலும், குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு இன்னொரு கட்டடத்திலும் வைத்தார்கள். அவள் குழந்தையைப் பார்த்தது இரண்டே தடவை, அதுவும் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே நிறுத்தி. அவள் கணவர் வெங்கட்ரமணன் தார்நாகாவில் ஒரு தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். தினமும் சாயந்திரம் ஆபீசிலிருந்து நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நன்னாத்தான் இருக்கு" என்பார். ஒன்பதாம் நாள் அப்படிச் சொல்லவில்லை.

பெயரை ரமா ஆறாம் மாதத்திலேயே முடிவு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் சொல்லும் ஸ்லோகத்தில் மகாலக்ஷ்மிக்கு வருகிற பெயர், ஹிரண்மயி. பொன்மயமானவள். ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையார் கோவிலிலிருந்து திரும்பி நடந்து வரும்போது கணவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் சாலையைக் கடந்து முடிக்கும்வரை யோசித்துவிட்டு, "நீளமா இருக்கே, ஸ்கூல்ல எழுதக் கஷ்டப்படுவாளே" என்றார். பிள்ளையா பெண்ணா என்று தெரியாத போதே 'எழுதக் கஷ்டப்படுவாள்' என்று அவர் சொன்னது ரமாவுக்குப் பிடித்திருந்தது.

பதினோராம் நாள் புண்யாகவாசனம் செய்து, தட்டில் அரிசியைப் பரப்பிப் பெயரை எழுதி, அப்பா குழந்தையின் காதில் மூன்று தடவை சொன்னால்தான் அவர்கள் வீட்டில் அது பெயர். அதற்கு முன்னால் குழந்தையிடம் உச்சரிக்கக்கூடாது, ஆகாது. இதையெல்லாம் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே ஒன்பதாம் நாள் போன குழந்தை பெயரில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வந்தபோதும் 'பேபி ஆஃப் ரமா', போனபோதும் 'பேபி ஆஃப் ரமா'. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பெரியவர்கள், பெயர் வைக்காத குழந்தைக்குச் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் ரயிலேறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வெங்கட்ரமணன் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று வருஷம் கழித்துக் கிட்டு பிறந்தான். உறவுக்காரர்கள் அவனைத் தலைச்சன் என்றபோது அவர் திருத்தவில்லை. ரேஷன் கார்டு, ஆபீசில் பயணச் சலுகைக்கான எல்.டி.சி. படிவம், எதிலும் ஒரு குழந்தை என்றே எழுதினார். அது தப்பும் இல்லைதான். ஆனால் ரமாவுக்கு அது நெஞ்சில் தைத்த முள்ளாக இருந்தது. இந்த உலகத்தில் அவளைத் தவிர அந்தப் பெயர் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவரும் மறந்துவிட்டால் அப்படி ஒருத்தி வந்துபோனதற்குச் சாட்சியே இல்லை. ஆம்பிளைக்கு ஒன்பது நாள் குழந்தை எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் "எந்தப் பேரு?" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

கிட்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, 1986-ல், நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தது. பிறந்த குழந்தைகளுக்கு நடுவில் போய் உட்காருவாளா என்று தெரிந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ரமா போய் உட்கார்ந்தாள். பதின்மூன்று வருஷம் ஸ்ரவந்தி, மௌனிகா, திவ்யா, ஐஸ்வர்யா என்று எழுதிக்கொண்டே இருந்தாள். தன் பெண்ணுக்கென்று வைத்திருந்த பெயரை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

1999 செப்டம்பரில் ரோஸ்லின் வந்து சேர்ந்தாள். அவளும் அவள் கணவன் சீனிவாசனும் அமீர்பேட்டில் ஒரே கோச்சிங் வகுப்பில் படித்து, ஒரே கம்பெனியில் சேர்ந்து, காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவன் ஸ்ரீரங்கம், அவள் நாகர்கோவில். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பெண் பிறந்தது என்று தெரிந்ததும் இரண்டு வீடும் ஃபோனில் விழித்துக்கொண்டன. அவன் அம்மா ரங்கநாயகி என்றாள். அவள் அப்பா ஸ்டெல்லா மேரி என்றார். இதை வைத்தால் அந்த வீடு போயிற்று, அதை வைத்தால் இந்த வீடு போயிற்று. நடுவில் சீனிவாசனுக்கு நியூஜெர்சியில் வேலை, ஒரு மாதத்தில் கிளம்பியாக வேண்டும், குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதற்குப் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்குப் படிவம் கிளம்பிவிடும்.

மூன்றரை மணிக்கு ரமா ஆறாம் நம்பர் அறைக்குப் போய் நின்றாள். சீனிவாசன் ஃபோனும் கையுமாக வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். ரோஸ்லின் அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களே ஒரு பேரு சொல்லிருங்க," என்றாள். "ரெண்டு வீட்லயும் இல்லாத பேரா இருக்கணும். ஒலகத்துல யாருக்கும் இல்லாத பேருன்னாலும் நல்லதுதான்."

இப்படிக் கேட்பவர்களுக்குச் சொல்ல ரமாவிடம் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் தயாராக உண்டு. அன்று வாயில் வேறு வந்தது.

"ஹிரண்மயி," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது.

"அப்படின்னா?"

"பொன்னா ஜொலிக்கறவன்னு அர்த்தம். மகாலக்ஷ்மி பேரு."

ரோஸ்லின் குழந்தையைப் பார்த்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "அழகா இருக்கு. எங்கப்பாட்ட பொன்னுன்னு மட்டும் சொல்லிக்கிடுதேன்."

பென்சிலைத் தொடாமல் நேரே பேனாவில் எழுதி முடித்தாள் ரமா. அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தைக்கென்று தைத்து, போடாமலே பீரோவில் மடித்து வைத்த சட்டையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. வெங்கட்ரமணன் தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

இரண்டு நாள் கழித்து, மாடியில் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கும்போது ஆறாம் நம்பர் அறையிலிருந்து குரல் கேட்டது. "ஹிரண்மயி, அழாதட்டி. இந்தா வந்துட்டேன், ஹிரண்மயி." ரமா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு அம்மா ஒரு குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. குழந்தை அழுகையை நிறுத்தியது. பெயருக்குக் கட்டுப்பட்டு நிறுத்தியது என்றே ரமா நினைத்தாள். இரண்டு நாளாக இருந்த துக்கம் அங்கேயே கழன்று விழுந்து, அதன் இடத்தில் ஒரு ஆசை வந்து உட்கார்ந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

இந்த ஆசைக்குத் தோதாக ஊரும் மாறிக்கொண்டிருந்தது. மாதாபூர் பக்கம் பாறைகளை உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளும் பெண்களும் பிரசவத்துக்கு வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரிப் பை மாட்டிக்கொண்டு, ஒரே மாதிரி லோன் வாங்கி ஒரே மாதிரி ஃப்ளாட் வாங்கினவர்கள். குழந்தைக்குப் பெயர் மட்டும் யாரிடமும் இல்லாததாக வேண்டும். "யூனிக்கா இருக்கணும் ஆன்ட்டி" என்பார்கள். இன்டர்நெட்டில் தேடினால் ஒரு ஆள்கூட அகப்படக்கூடாதாம். ரமா நோட்டைப் புரட்டுவாள். தற்செயலாகப் புரட்டுகிற மாதிரி புரட்டி, ரோஸ்லின் குழந்தையின் பெயர் இருந்த பக்கத்தில் விரலை வைத்து நிறுத்துவாள். "இப்படிக்கூட ஒருத்தர் வெச்சிருக்கா. அமெரிக்கா போயிட்டா." இந்தக் கடைசி வார்த்தை நன்றாக வேலை செய்தது.

2000-ல் மூன்று ஹிரண்மயிகள். 2002-ல் ஒன்பது. ரோஸ்லின் நியூஜெர்சியில் இருந்துகொண்டு ஏதோ ஒரு குழந்தைப் பெயர் வலைத்தளத்தில் அதை அர்த்தத்தோடு போட்டுவைக்க, அங்கிருந்து ஹைதராபாத் முழுக்கப் பரவியது. தெலுங்குக்காரர்களுக்கும் பிடித்தது, தமிழர்களுக்கும் பிடித்தது. கூப்பிட ஹிரு என்று சுருக்கிக்கொண்டார்கள். 2005-ல் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் மட்டும் இருபத்துமூன்று. ஒவ்வொன்றையும் ரமா பேனாவில், முத்து முத்தாக எழுதினாள். காய்கறிக் கடையில், ஸ்கூல் வாசலில், ஆட்டோ ஸ்டாண்டில் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வயதில் இருந்தால் இப்படி ஓடியிருப்பாள், ஆறு வயதில் இருந்தால் இப்படிப் பிடிவாதம் பிடித்திருப்பாள் என்று எல்லா வயதிலும் ஒரே பெண்ணைப் பார்த்தாள். இதில் ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது. யாரிடமும் கேட்காமல் ஊரையே தன் பெண்ணின் பெயரைச் சொல்ல வைத்துவிட்டாள் அல்லவா.

அன்னக்கிளிக்கு மட்டும் சந்தேகம். அன்னக்கிளி அந்த நர்சிங் ஹோமின் ஆயா, மூன்று தலைமுறையாக செகந்திராபாத் கன்டோன்மென்ட்டில் இருக்கும் குடும்பம், தமிழும் தக்கனி உருதுவும் ஒரே வாயில் வரும்.

"கைக்கு அம்மா, ஏன் எல்லாத்துக்கும் அந்த ஒரே பேரைச் சொல்றே?" என்று ஒரு நாள் பெருக்கிக்கொண்டே கேட்டாள். "பேருக்கா பஞ்சம்?"

"நல்ல பேருதானே, அன்னக்கிளி."

"ஹவ், ஆமா, நல்ல பேருதான். நல்ல புடவைதான்னு தெருவுல எல்லாரும் அதையே கட்டினா யாருக்கு ஆசை இருக்கும்? நக்கோம்மா, போதும் விட்டுடு."

ரமா கேட்கவில்லை. வீட்டில் நடந்ததும் அவளைத் தூண்டிவிட்டது. 2004-ல் ஆராய்ச்சிக் கூடத்துச் சகா லக்ஷ்மிநாராயணனின் பேத்திக்கு முதல் பிறந்தநாள் என்று அழைப்பிதழ் வந்தது. ரோஜா நிற அட்டையில், தங்க எழுத்தில், ஹிரண்மயி. ரமா அதை மேஜைமேல் நடுவாக வைத்துவிட்டுச் சமையலறையில் இருந்துகொண்டு பார்த்தாள். வெங்கட்ரமணன் எடுத்துப் படித்தார். காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டுத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். பிறந்தநாளன்று வயிறு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருஷம், சாயந்திரம் பூங்காவுக்கு நடக்கப் போவதையும் முழங்கால் வலி என்று நிறுத்திக்கொண்டார். அழைப்பிதழ் நாளிலேயே ரமாவின் சந்தேகம் தீர்ந்தது. மனுஷர் சுத்தமாக மறந்துவிட்டார். கோபத்தில் அந்த வருஷம் இன்னும் ஐந்து பேருக்குக் கூடுதலாகவே சொல்லிவிட்டாள்.

பெயர் கை மீறிப் போனது எப்போது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு தடவை மோண்டா மார்க்கெட்டில் ஒரு அம்மா, "ஹிரண்மயீ, மிட்டி மே நக்கோ கேலோ போலி நா!" என்று மண்ணில் விளையாடின பெண்ணைப் பார்த்துக் கத்தி, முதுகில் ஒன்று வைத்தாள். ரமா தன் முதுகில் விழுந்த மாதிரி துடித்துப்போனாள். அப்புறம் ஒரு நாள் இரண்டு கர்ப்பிணிகள் அவள் மேஜைக்கு எதிரிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்க ஃப்ளாட்ஸ்ல மட்டும் அஞ்சு ஹிரு இருக்கு. ஒருத்திய கூப்பிட்டா அஞ்சும் திரும்பறது." இருவரும் சிரித்தார்கள். ரமா நோட்டை மூடினாள்.

2007-ல் ஆறு. 2008-ல் இரண்டு. மேஜைக்கு வரும் புதுப் பெற்றோர்கள் அவள் நோட்டைப் புரட்டும் முன்பே கையைக் காட்டித் தடுத்தார்கள். "ஹிரண்மயி மட்டும் வேண்டாம் ஆன்ட்டி. அது ரொம்ப ஆயிடுச்சு." டாக்டரம்மாகூட ஒரு தடவை தெலுங்கில் கேலியாகச் சொன்னார், கீழே ரமா காருவிடம் பெயர் கேட்காதீர்கள், அவருக்கு ஒரே பெயர்தான் தெரியும் என்று. அந்த நோட்டில் கடைசி ஹிரண்மயி 2009 பிப்ரவரியில் பிறந்தாள். அதற்குப் பிறகு இல்லை. ஒரு பெண்ணுக்கு வைத்திருந்தால் ஒரு வீட்டில் நிலைத்திருக்கும். ஆசைப்பட்டு நூற்றுப் பதினேழு பேருக்கு வாரிக் கொடுத்தாள், எல்லாருக்கும் அது சலித்துவிட்டது. இது வேறு யாரும் செய்யவில்லை, தன் கைதான் செய்தது என்று ரமாவுக்குத் தெரிந்திருந்தது. பெற்றவள் செய்கிற காரியமா இது என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

2012 ஜூலையில் சாருலதா என்கிற ஒரு பெண் தன் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். குழந்தை ஸ்கூல் யூனிஃபாரத்தில், பையைக் கழற்றாமல் நின்றது.

"பேர் மாத்தணும் ஆன்ட்டி. அஃபிடவிட் எல்லாம் ஆச்சு. வார்டு ஆபீஸ்ல உங்க ரெஜிஸ்டர்லயும் திருத்தி ஒரு லெட்டர் கேக்கறாங்க."

"இப்ப என்ன பேரு?" என்று கேட்டாள் ரமா. கேட்காமலே தெரிந்தது.

"ஹிரண்மயி. நீங்கதான் அப்போ சொன்னீங்க. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் சாருலதா, ரமா மனசு நோகக்கூடாதே என்பதுபோல. "க்ளாஸ்ல நாலு பேர் ஆன்ட்டி. இவளே மாத்தச் சொல்லி ஒரு வருஷமா அழறா."

ரமா குழந்தையைப் பார்த்துக் குனிந்தாள். "ஏண்டி கண்ணா, அந்தப் பேரு பிடிக்கலையா?"

குழந்தைக்குத் தமிழ் புரிந்தது, பதில் தெலுங்கில் வந்தது. "பேரு பாகுந்தி. கானி டீச்சர் நன்னு ஹிரண்மயி த்ரீ அன்டாரு." பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டீச்சர் என்னை மூன்றாம் நம்பர் என்கிறார். சொல்லும்போது உதடு பிதுங்கியது. "நாக்கு த்ரீ வத்து." எனக்கு மூன்று வேண்டாம்.

குழந்தை கேட்டது நியாயம். எண்ணாக இல்லாமல் ஒரு ஆளாக இருக்க வேண்டும் என்கிறது. பெயரே இல்லாமல் போனவளுக்காகத் துடித்தவள், இருக்கிறவளின் பெயரை மூன்றாம் நம்பர் ஆக்கிவிட்டாள். 2005-ம் வருஷத்து நோட்டைப் பரணிலிருந்து அன்னக்கிளி இறக்கிக் கொடுத்தாள். தன் கையெழுத்தில் இருந்த பெயரின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, மேலே 'இஷ்னா' என்று எழுதி, ஓரத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டாள். குழந்தை எட்டிப் பார்த்து, "தேங்க்யூ ஆன்ட்டி" என்று சிரித்தது. அவர்கள் போன பிறகு ரமா டாக்டரம்மாவிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் வெங்கட்ரமணன் சாப்பாட்டு மேஜையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன மூன்று வருஷமாகக் காய் நறுக்குவது அவர் இலாகா. ரமா எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு பேரை அடிச்சேன்," என்றாள்.

"என்ன பேரு?"

"ஹிரண்மயி."

முப்பத்துநாலு வருஷத்தில் அவரிடம் அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் இரண்டாவது தடவை. கத்தி அப்படியே நின்றது. ரமாவுக்குள் இருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போறது. ஒம்போது நாள் குழந்தை. உங்களுக்கு அது கணக்கிலயே இல்லை. நான் ஒருத்திதான் அதைக் கட்டிண்டு மாரடிச்சேன். இன்னிக்கு அதையும் என் கையாலயே கோடு போட்டுட்டு வரேன்."

"எட்டாம் நாள்," என்றார் வெங்கட்ரமணன்.

"எட்டாம் நாள் என்ன?"

"எட்டாம் நாள் சாயந்திரம் அங்க ஒரு மலையாளி நர்ஸ் இருந்தா. கையை அலம்பிண்டு உள்ள வரச் சொன்னா. பெட்டியில சின்னதா ஒரு கதவு. அதைத் திறந்து, வேணும்னா தொட்டுக்கோன்னா." கத்தியைக் கீழே வைத்தார். "ரொம்பச் சின்னக் காது, ரமா. நான் குனிஞ்சு பேரைச் சொல்லிட்டேன். மூணு தரம்."

அவர் நறுக்கின அவரைக்காயைத் தட்டில் ஓரமாக ஒதுக்கினார்.

"பதினொண்ணு ஆகலைன்னு தெரியும். இன்னும் மூணே நாள். பொறுத்திருக்கலாம், பொறுக்கலை. சொல்லிட்டு வந்தேன், மறுநாள் காத்தால போயிட்டா. நுரையீரல் வளரலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். அதையும் படிச்சேன். லேப்ல வேலை பாக்கறவன், எல்லாம் தெரியும். இருந்தாலும் நான் வாயைத் திறந்ததாலதான் போனான்னு மனசுல விழுந்துடுத்து. உன்கிட்ட எந்த முகத்தை வெச்சுண்டு சொல்லுவேன்?"

"இத்தனை வருஷமா?"

"மறக்கப் பாத்தேன். ஒரு இருபது வருஷம் ஒரு மாதிரி போச்சு. அப்பறம் திடீர்னு ஊரெல்லாம் அந்தப் பேரு. பஸ் ஸ்டாப்புல கூப்பிடறா, பார்க்குல கூப்பிடறா, இன்விடேஷன்ல வரது. யாருமே வைக்காத பேரு, எங்கேர்ந்து கிளம்பித்துன்னே தெரியலை. என்னைத் துரத்திண்டு வரதுன்னு நினைச்சேன். ரெண்டு மூணு வருஷமாத்தான் கொஞ்சம் ஓஞ்சிருக்கு."

ரமா ஆசை ஆசையாகக் காது கொடுத்துக் கேட்ட ஒவ்வொரு தடவையும் இந்த மனுஷர் செத்துப் பிழைத்திருக்கிறார். முழங்காலில் ஒரு வலியும் இல்லை.

"அது தானா கிளம்பலை," என்றாள். "நான்தான் பரப்பினேன். நூத்துப் பதினேழு பேருக்கு நானே சொன்னேன். யாராவது கூப்பிட்டுக் கேக்கணும்னு இருந்தது."

"நீயா?"

"நான்தான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது, முடிவில் அழுகையாகிவிட்டது. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ரமாவுக்குக் கோபம் வந்தது, முப்பத்துநாலு வருஷத்தை இப்படி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வீணாக்கினோமே என்று. அந்தக் கோபத்தை விட ஒன்று அவளுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க சொன்னப்போ கண்ணைத் திறந்தாளா?"

"இடது கண்ணைக் கொஞ்சம். ரெண்டாம் தரம் சொன்னப்போ."

"அப்போ பேரோடதான் போயிருக்கா."

"ஆமா," என்றார் வெங்கட்ரமணன்.

ரமா கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். எழுந்து போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படிச் சொன்னேள்னு சொல்லுங்கோ. நான் கேக்கலையே."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அவள் வலது காதுப் பக்கம் குனிந்து, மெதுவாகப் பெயரைச் சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை அவருக்குக் குரல் வரவில்லை. ரமா சொன்னாள்.